மூன்று நாள் பயிற்சியில் தலைவர் உருவாவாரா?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். பாசனச் சங்கம், காட்டுக் குழு, மீனவர் கூட்டுறவு, உழவர் நிறுவனம் என்று பல அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்தும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. மூன்று நாளுக்குத்தான் பணம். இதனால் உண்மையில் பயன் இருக்குமா, அதற்கு ஆதாரம் உண்டா, இருந்தால் என்ன சொல்லிக்கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் இருக்கிறது. இந்த வேலையிலேயே பல வருடங்கள் கழித்தவன் என்பதால் நம்பிக்கையோடு சொல்கிறேன். ஆனால் ஒரு மண்டபம், ஒரு புரொஜக்டர், தலைவருக்கு வேண்டிய பண்புகள் என்று ஒரு பேச்சு, கடைசி நாள் சான்றிதழ், எல்லோரும் நின்று ஒரு போட்டோ என்று நடத்தினால் அந்த மூன்று நாளும் வீண். வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் திரும்பிப் போவார்கள். போன இடத்தில் வாய்க்கால் பழையபடியே ஓடும்.

காரணம் இதுதான். அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் எழுதிய பாடங்களைத்தான் நாம் பெரும்பாலும் எடுத்துவந்து இங்கே நடத்துகிறோம். அங்கே மேலாளரின் கையில் ஒரு பிடி இருக்கிறது: சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம். பாசனச் சங்கத் தலைவருக்கு அப்படி எதுவும் கிடையாது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரரை அவர் வேலையை விட்டு நிறுத்த முடியாது. ராத்திரியில் முறை மீறித் தண்ணீர் எடுக்க மடையைத் தூக்கிவிடுகிறவர் அவருடைய சொந்தக்காரராகவே இருப்பார். அவர் வயலும் அதே வாய்க்காலில்தான் இருக்கும் என்பதால், எந்த முடிவைச் சொன்னாலும் ‘உன் வயலுக்காகத்தானே சொல்கிறாய்’ என்ற பேச்சு வரும். காட்டுக் குழுவிலும் மீன்பிடித் துறையிலும் இதே கதைதான். கையில் அதிகாரம் இல்லாமல், உறவுகளுக்கும் பகைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். இந்தத் திறமை பிறவியில் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பழகினால் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆதாரத்துக்கு வருகிறேன். 2011இல் நேச்சர் ஆய்விதழில் நிக்கோலாஸ் குட்டியெரெஸ், ரே ஹில்போர்ன், ஓமர் டெஃபியோ மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மீனவர்களும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கிற 130 மீன்வளப் பகுதிகளை, 44 நாடுகளிலிருந்து எடுத்து, எங்கே நிர்வாகம் நன்றாக நடக்கிறது, எதனால் நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலிடத்தில் வந்தது வலுவான தலைமை. இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஆளுக்கோ ஊருக்கோ ஒதுக்கும் பங்கீடு, மக்களின் ஒற்றுமை, மீன்பிடிக்காமல் விட்டுவைக்கும் பகுதிகள் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். கண்காணிப்பு, தண்டனை போன்ற ஏற்பாடுகள் அதற்கும் கீழே. நாம் வழக்கமாகப் பணத்தை எங்கே கொட்டுகிறோம் என்பதோடு இந்த வரிசையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, அந்தத் தலைமையை எப்படிப் பழக்குவது? ஒரு பயிற்சியில் நடந்ததைச் சொன்னால் நான் எங்கே வருகிறேன் என்பது புரியும்.

இரண்டாம் நாள் மதியம். ‘தெளிவாகப் பேசுவது எப்படி’ என்று பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பாசனச் சங்கத்தின் பொருளாளர், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, எழுந்து நின்றார். “நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. எங்க வாய்க்கால்ல ராத்திரி மடையைத் தூக்கிவிடுறது யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவரும் இங்கதான் உட்கார்ந்திருக்கார். அடுத்த கூட்டத்துல நான் இதை எப்படி ஆரம்பிக்கிறது? அதைச் சொல்லிக் குடுங்க” என்றார். மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. என் பாடக்குறிப்பில் இதற்குப் பதில் இல்லை.

புரொஜக்டரை அணைத்துவிட்டு, மூன்று மூன்று பேராக உட்காரச் சொன்னேன். கூட்டத்தில் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை மட்டும் ஆளுக்கொன்று யோசித்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில் வந்தவை எல்லாம் குற்றச்சாட்டுகள், அல்லது யாரையும் தொடாத உபதேசங்கள். ‘சில பேர் சுயநலமா இருக்காங்க’ மாதிரி. ஒரு மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்திலேயே போனது. கடைசியில் அந்த அம்மா தேர்ந்தெடுத்தது இது: “போன பருவத்துல கடைசி எட்டு வயலுக்கு எந்தெந்த முறை தண்ணி வந்துச்சு, எப்ப வரலைன்னு நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். படிக்கட்டுமா?” இதில் யார் பெயரும் இல்லை. ஆனால் யாரும் தப்பிக்கவும் முடியாது.

அங்கேயே அதைச் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “எங்க பக்கம் மணல்பாங்கான நெலம். உங்க முறைப்படி விட்டா மூணு நாள்ல காஞ்சிடுது. கேட்டா யாரும் குடுக்க மாட்டீங்கன்னுதான்…” என்றார். அதுவரை திருட்டாக இருந்தது, மண்ணைப் பார்க்காமல் போட்ட முறையால் வந்த பிரச்சினையாக மாறியது. திருட்டு என்றால் பஞ்சாயத்துதான் வைக்க முடியும்; முறையில் குறை என்றால் உட்கார்ந்து மாற்றலாம். அன்றிலிருந்து என் பயிற்சிகளில் பண்புகளின் பட்டியல் கிடையாது. முதல் வாக்கியத்துக்கு அரை நாள் கொடுக்கிறேன்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. இலங்கையின் கல்லோயாப் பாசனத் திட்டத்தில் இடதுகரைப் பகுதி. 1981இல் அங்கே நடந்த வேலையைத் தலைமைப் பயிற்சி என்று யாரும் அழைக்கவில்லை, ஆனால் நான் அறிந்தவற்றில் அதைவிட நல்ல தலைமைப் பயிற்சி வேறு இல்லை. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டம் முடித்த இளைஞர்களைச் சில வாரங்கள் பழக்கி, குடியேற்றக் கிராமங்களுக்குள் குடியிருக்க அனுப்பினார்கள். அந்தப் பருவத்தில் நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. வாய்க்கால்கள் பல வருடங்களாகத் தூர்வாராமல் கிடந்தன. தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். இதைவிட மோசமான நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்க முடியாது.

வந்த இளைஞர்கள் கூட்டம் போட்டுத் தலைவர், செயலாளர் என்று தேர்ந்தெடுக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பிறகு ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, ‘நாமே சேர்ந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா’ என்று கேட்டார்கள். வாய்க்காலைச் சேர்ந்து சுத்தம் செய்வது, முறைவைத்துத் தண்ணீர் எடுப்பது, மிச்சப்படுவதைக் கீழே விடுவது, இப்படி வேலைதான் முதலில் வந்தது. அமைப்பு அதற்குப் பின்னால் வந்தது. அந்த வேலையில் யார் சொல்லை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது தானாகவே தெரிந்தது. அவரையே, ஓட்டுப்போட்டு இல்லாமல், எல்லோரும் ஒத்துக்கொண்டு பிரதிநிதி ஆக்கினார்கள். தலைமடைச் சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்காகத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வருடங்களில் அந்த நாட்டில் நிலைமை எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

இந்த வேலையில் கூடவே இருந்து எழுதியவர் கார்னெலின் நார்மன் அப்ஹாஃப். பின்னாளில் ஒற்றை நாற்று நடவு என்ற நெல் சாகுபடி முறையை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவரும் அவர்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு நிரந்தர வேலை தரப்படவில்லை, அதனால் மிகப் பலர் வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பயிற்சி தருகிறவர் எப்படியும் ஒரு நாள் போய்விடுவார். அவர் போன பிறகும் நிற்கிற மாதிரி வேலையைத் தொடக்கத்திலிருந்தே அமைக்க வேண்டும்.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது உழவர் வயல்வெளிப் பள்ளி. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அதைப் பூச்சி மேலாண்மைப் பயிற்சி என்று மட்டும் நினைத்தால் பாதியைத் தவறவிடுகிறோம். இந்தோனேசியாவில் பூச்சிமருந்தை அள்ளித் தெளித்ததில் சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்கள் செத்து, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி கட்டுக்கடங்காமல் பெருகியது. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்த நாட்டு அரசு தடைசெய்தது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, ஒரு பருவம் முழுக்க.

அங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஐந்தைந்து பேராக வயலில் இறங்கி, சில தூர்களைப் பிரித்துப் பார்த்துப் பூச்சிகளை எண்ணுவார்கள். கரைக்கு வந்து பெரிய தாளில் படம் வரைவார்கள்: நடுவில் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் அதைத் தின்னும் பூச்சி, மேலே அன்றைய வானம். இந்த வாரம் என்ன செய்யலாம் என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, ஒருவர் எழுந்து மற்றவர்களுக்கு விளக்குவார். அடுத்த வாரம் வேறொருவர். யாராவது ஒரு பூச்சியைக் காட்டி ‘இது என்னங்க?’ என்று கேட்டால், நல்ல பயிற்றுநர் பெயரைச் சொல்ல மாட்டார். ‘எங்கே பார்த்தீங்க? என்ன செஞ்சிட்டு இருந்துச்சு? எத்தனை இருந்துச்சு?’ என்று திருப்பிக் கேட்பார். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கூண்டில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விட்டு அடுத்த வாரம் வரை பார்க்கச் சொல்வார்.

தலைமைப் பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசுவது, சேர்ந்து முடிவெடுப்பது, எடுத்த முடிவை மற்றவர் முன்னால் நின்று சொல்வது, தப்பாகப் போனால் அடுத்த வாரம் ஒத்துக்கொள்வது. வாரா வாரம் முறைவைத்து எல்லோரும் எழுந்து பேசுவதால், வாயே திறக்காதவர் என்று ஊர் நினைத்த ஆள் பருவ முடிவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ஆகிவிடுகிறார். படித்து முடித்த விவசாயிகளே பிறகு பள்ளி நடத்தினார்கள். இந்த முறை இன்று சுமார் 90 நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2004இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, அங்கே படித்தவர்களின் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை, பக்கத்து வயல்காரர்களுக்கும் அது பரவவில்லை என்று எழுதினார்கள். வேறு ஆய்வுகள் நல்ல பலன்களையும் காட்டியிருக்கின்றன. என் அனுபவத்தில் இரண்டுமே நடக்கக்கூடியதுதான். எண்ணிக்கைக்காக வேகமாகப் பெருக்கும்போது, கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தெரிந்த பயிற்றுநர் கிடைப்பதில்லை. பெயர் வயல்வெளிப் பள்ளி, நடப்பது கரையில் நின்று ஒரு சொற்பொழிவு. அப்படி ஆன பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மனசு கனத்துப் போகும்.

மண்டபத்துக்குள் செய்யக்கூடியது ஒன்று வேண்டுமென்றால், நான் விடாமல் செய்வது விதை விளையாட்டு. ஒரு கிண்ணத்தில் 40 விதைகள். அதுதான் ஏரி, விதைகள் மீன். நான்கு குழுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குழுவும் பத்து வரை, மற்றவர் பார்க்காமல் எடுக்கலாம். சுற்று முடிந்ததும் மிச்சமிருப்பதை இரட்டிப்பாக்குவேன், ஆனால் 40க்கு மேல் போகாது. முதல் சுற்றில் பேசக் கூடாது. ஆளுக்கு எட்டு, ஒன்பது எடுப்பார்கள். ஆறு விதை மிச்சம், பன்னிரண்டாகும். இரண்டாம் சுற்றில் கிண்ணம் காலி. பத்து நிமிடத்தில் ஏரி செத்துவிட்டது. அந்த நேரத்தில் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். தங்கள் ஊர் ஏரியோ காடோ நினைவுக்கு வந்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுபடி 40 விதை. இந்த முறை பேசலாம். ஆளுக்கு ஐந்து எடுத்தால் என்றைக்கும் 40 இருக்கும் என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். சில சுற்றுகள் நன்றாகப் போகும். அப்புறம் ஒரு சுற்றில் 20 இருக்க வேண்டிய இடத்தில் 19 இருக்கும். பயிற்சி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கத்துவார்களா, சந்தேகப்படுவார்களா, எல்லோரும் ஆறு எடுக்க ஆரம்பிப்பார்களா, அல்லது ஒருவர் எழுந்து ‘ஒரு தடவை விட்டுடுவோம், இனிமே எடுக்கிறதைக் கண்ணெதிர்ல எண்ணுவோம்’ என்பாரா? அந்த ஒருவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர் எந்தப் பதவியிலும் இருக்க மாட்டார்.

பொதுவளங்களை மக்களே காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், ஆய்வுக்கூடத்தில் இதே மாதிரி சோதனைகளைச் செய்து பார்த்தார். பேச வாய்ப்புக் கொடுத்தாலே மக்கள் நடந்துகொள்ளும் விதம் வெகுவாக மாறியது. உலகெங்கும் நீண்ட காலம் தாங்கிய அமைப்புகளைப் பார்த்து அவர் எடுத்துச் சொன்னவற்றில் ஒன்றை எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறேன்: முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை. திரும்பச் செய்தால் கொஞ்சம் பெரியது. முதல் தடவையே ஊரைவிட்டு ஒதுக்குகிற மாதிரி சட்டம் போட்டால், அதை யாரும் நிறைவேற்ற மாட்டார்கள்; நிறைவேற்றாத சட்டம் இல்லாத சட்டத்தைவிட மோசம்.

சட்டம் போடுவது பற்றியே ஒரு அமர்வு வைக்கலாம். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில், பொது மேய்ச்சல் நிலம் அழியாமலிருக்க 1517இல் ஒரு விதி போட்டார்கள்: பனிக்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டை வளர்க்க முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் மேலே ஓட்டலாம். யாருக்கு எவ்வளவு என்று வருடா வருடம் சண்டை போட வேண்டியதில்லை. தொழுவத்தை எட்டிப் பார்த்தால் போதும். உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லி, ‘நம்ம வளத்துக்கு இவ்வளவு எளிமையான ஒரு அளவு என்ன?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

தகராறு தீர்ப்பதற்கு ஸ்பெயினின் வாலென்சியா. அங்கே பாசனத் தண்ணீர் வழக்குகளை விசாரிக்க, சுமார் ஆயிரம் வருடப் பழமை உள்ளதாகச் சொல்லப்படும் ஒரு மன்றம் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள், எல்லோரும் விவசாயிகள், அந்தந்த வாய்க்கால்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள். வக்கீல் கிடையாது, விசாரணை முழுக்க வாய்மொழியாகத்தான். எந்த வாய்க்கால்காரர் மேல் வழக்கோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். இந்தக் கடைசி ஒன்றைப் பாருங்கள். ‘உன் வயலுக்காகத்தானே சொல்கிறாய்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. தலைவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, அவர் நல்லவராக இருப்பதற்கு வழி விடுகிற ஏற்பாடும் வேண்டும்.

தனி ஆட்களைத் தேர்ந்தெடுத்து நீண்ட காலம் வளர்க்கும் திட்டங்களும் உண்டு, அவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் நஃபீல்ட் விவசாய உதவித்தொகை 1947இலிருந்து விவசாயிகளை வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் 1965இல் கெல்லாக் அறக்கட்டளையின் பணத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இளம் விவசாயிகளுக்கு மூன்று வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண்மையைத் தாண்டி பொருளாதாரம், அரசியல், சமூகம் எல்லாம் படிக்கவைத்தார்கள். 1970இல் கலிஃபோர்னியா அதே வழியில் போனது. இப்படிப் படித்தவர்கள் அரசோடும் சந்தையோடும் பேசத் தெரிந்தவர்களாக வருகிறார்கள். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் ஒரு வாய்க்காலையோ ஒரு காட்டையோ காப்பாற்ற, பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் பயிற்சி கொடுப்பது ஒருவருக்கு நிறையக் கொடுப்பதைவிட மேல் என்பது என் முடிவு. அந்த ஒருவர் நகரத்துக்குப் போய்விடலாம், கட்சிக்குப் போய்விடலாம்.

இந்த விஷயத்தில் டென்மார்க் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தங்கிப் படிப்பார்கள், பரீட்சை கிடையாது, வரலாறு, மொழி, பாட்டு, விவாதம். இதில் வேளாண்மைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். 1882இல் யெடிங்கில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை வந்தது, சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. அவற்றை நடத்தியவர்களில் நிறையப் பேர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். மாட்டுத் தலையை எண்ணி ஓட்டு கிடையாது, மனிதத் தலையை எண்ணித்தான் என்பது அந்தக் கூட்டுறவுகளின் விதி. நூறு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. எழுந்து பேசவும் எதிராளி பேசுவதைக் கேட்கவும் பழகியவர்கள் இருந்ததால்தான் இந்த விதி தாங்கியது என்று நான் நம்புகிறேன்.

யாரைக் கூப்பிடுவது? கடிதம் அனுப்பினால் தலைவரும் செயலாளரும்தான் வருவார்கள். ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள்: பதவியில் இருப்பவர் ஒருவர், கடைமடையில் இருப்பவர் ஒருவர், முப்பது வயதுக்குக் கீழே ஒருவர். தனியாகப் போனவர் ஊருக்குத் திரும்பி ஒரு புது விஷயத்தைச் சொன்னால் ஆதரிக்க ஆள் இருக்காது. மூன்று பேர் என்றால் வழியிலேயே பேசித் தீர்மானித்துக்கொண்டு போவார்கள்.

பெண்களைப் பெயருக்கு ஒருவராகக் கூப்பிடாதீர்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் காட்டுக் குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், குழுவில் பெண்கள் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால்தான் அவர்களுடைய பேச்சு எடுபடத் தொடங்குகிறது என்று காட்டினார். நேபாளத்தில் பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்குச் சின்ன, சீரழிந்த காடுகளைத்தான் கொடுத்திருந்தார்கள். அப்படியும் அந்தக் காடுகள் நன்றாகத் தேறின. விறகுக்கும் தழைக்கும் தினமும் போகிறவர்களுக்குக் காட்டின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரியும். அந்த அறிவு கூட்டத்துக்குள் வர வேண்டும், அவ்வளவுதான். நேரத்தையும் இடத்தையும் அவர்களைக் கேட்டு வையுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

வனத்துறை, மீன்வளத்துறை, வேளாண் விரிவாக்கம் போன்ற இடங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களையும் அதே அறையில் உட்காரவையுங்கள். அவர்களுக்குத் தனிப் பயிற்சி வைப்பது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. விதைக் கிண்ணத்தைச் சுற்றி வனக்காப்பாளரும் விறகு எடுக்கிறவரும் ஒரே குழுவில் உட்கார்ந்தால் அன்று மாலை அவர்கள் பேசிக்கொள்வது வேறு மாதிரி இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: முதல் நாள் அதிகாரிகள் கேட்க மட்டும் வேண்டும், பதில் சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது கஷ்டம்தான், ஆனால் செய்வார்கள்.

கணக்கு பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்தவரை சங்கங்கள் உடைவது பெரும்பாலும் பணத்தில்தான், அதுவும் திருட்டைவிட எழுதாமல் விட்டதில். தீர்மானப் புத்தகம் எழுதுவது, வரவு செலவைக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பது, ரசீது இல்லாத செலவை என்ன செய்வது, இவற்றை நிஜப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பழக்குங்கள்.

இனி உங்கள் மூன்று நாள். அதைச் சேர்த்து வைக்காதீர்கள், பிரித்துவிடுங்கள். முதல் நாள், தண்ணீர் திறப்பதற்கு முன்னால், அல்லது மீன்பிடிப் பருவம், காட்டு விளைபொருள் எடுக்கும் காலம் தொடங்குவதற்கு முன்னால். காலையில் விதை விளையாட்டு, மதியம் முதல் வாக்கியம். ஒவ்வொரு மூவரும் தங்கள் இடத்தில் நடக்கிற ஒரே ஒரு நிஜத் தகராறைத் தேர்ந்தெடுத்து, அதில் இந்தப் பருவத்தில் என்ன முயற்சி செய்யப்போகிறோம் என்று எழுதிக்கொண்டு போகட்டும். இரண்டாம் நாள் பருவத்தின் நடுவில், மண்டபத்தில் வேண்டாம், வந்தவர்களில் ஒரு குழுவின் வாய்க்காலிலோ கரையிலோ. நடந்து பார்த்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்து பேசுங்கள். எது நடக்கவில்லை என்பதைத்தான் அன்று அதிகம் கேட்க வேண்டும். இடையில் மாதம் ஒருமுறை போனில் அவர்களோடு பேச ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். சான்றிதழ் அச்சடிக்கும் பணம் அதற்குப் போதும்.

மூன்றாம் நாள் பருவம் முடிந்த பிறகு. ஒவ்வொரு குழுவும் தங்கள் தகராறு என்ன ஆனது என்று சொல்லட்டும், தங்கள் கணக்கையும் வாசிக்கட்டும். வாசிப்பவர் தலைவராக இருக்கக் கூடாது, அந்த மூவரில் இதுவரை கூட்டத்தில் பேசாதவராக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பருவம் முழுக்க அவர் அதற்குத் தயாராவார்.